கிட்டார் பிடித்த கை பேனா பிடித்தால்: புளூஸ் ராக் ஆட்களின் சுயசரிதைகள்

#1 ஆறாம்கம்பி

மூன்று நாள் மழை. வெளியே போக வழியில்லாமல், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' புத்தகத்தை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். 2010-இல் வந்தது. அவர் பேசப் பேச, ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதியது. முதல் தடவை போதைக் கதைகளுக்காகவும் போலீஸ் கதைகளுக்காகவும் படித்தேன். தொடக்கமே அதுதானே, 1975-இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஃபோர்டைஸ் என்கிற சின்ன ஊரில் காரில் சரக்கோடு மாட்டிக்கொள்வது. இந்தத் தடவை அதையெல்லாம் வேகமாகப் புரட்டிவிட்டு, கிட்டாரைப் பற்றிப் பேசுகிற பக்கங்களில் மட்டும் நின்று நின்று படித்தேன்.

அம்மாவைப் பெற்ற தாத்தா கஸ் வருகிற இடம் நினைவிருக்கிறதா? வீட்டுப் பியானோவின் மேல் ஒரு கிட்டார் இருக்கும். உனக்கு எட்டுகிற உயரம் வந்ததும் எடுத்து வாசித்துக்கொள் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறார். அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்று பையன் நம்பிக்கொண்டிருந்தான். பேரன் வருகிற நாளில் மட்டும்தான் தாத்தா அதை எடுத்து மேலே வைப்பார் என்பது பல வருடம் கழித்துத் தெரிகிறது. அந்த ஒரு பக்கத்துக்காகவே புத்தகத்துக்குக் கொடுத்த காசு சரியாகப் போய்விட்டது.

அப்புறம் அந்த ஐந்து கம்பி விஷயம். தடித்த கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, மீதி ஐந்தை ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்த்து வைத்துக்கொண்ட பிறகு கிட்டாரே புதுசாகப் பேசத் தொடங்கியது என்று எழுதுகிறார். நான் ஆறாம்கம்பி என்று பேர் வைத்துக்கொண்டு, அந்தக் கம்பியே வேண்டாம் என்ற ஆளைக் கொண்டாடுகிறேன் பாருங்கள்.

என் கேள்வி இதுதான். சில சுயசரிதைகளைப் படிக்கும்போது அந்த ஆளின் கிட்டார் காதில் கேட்கிறது. சிலவற்றில் வக்கீல் பார்த்துத் திருத்திய அறிக்கைதான் கேட்கிறது. உங்களுக்கு எந்தப் புத்தகத்தில் கேட்டது?

#2 பழைய கேசட்

தம்பி, கேசட் பகுதியை விட்டுவிட்டீர்களே. ஸ்டோன்ஸின் 'ஜம்பின் ஜாக் ஃப்ளாஷ்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' இரண்டு பாட்டிலும் நாம் எலெக்ட்ரிக் என்று நினைத்துக் கேட்டதெல்லாம் அக்குஸ்டிக் கிட்டார். சின்ன பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டரின் மைக்கை ஒட்டி வைத்து ஓங்கி அடித்தால், பெட்டி தாங்க முடியாமல் கரகரக்கும். அந்தக் கரகரப்பை ஒரு ஸ்பீக்கர் வழியாக விட்டு, மறுபடி மைக் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஸ்டூடியோவில் லட்சக்கணக்கில் கருவிகள் இருக்க, வீட்டில் குழந்தை பேச்சைப் பதிவு செய்கிற பெட்டியில் இருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் வரியும் (ரிஃப்) அப்படித்தான். தூக்கக் கலக்கத்தில் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கிட்டார், மிச்ச டேப் முழுக்கக் குறட்டை.

இதைப் படித்தபோது எனக்கு என் கேசட் ஞாபகம் வந்தது. 1985, திருச்சி. ஒரு பதிவுக் கடையில் 90 நிமிட டேப்பையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். க்ரீம் குழுவின் 'கிராஸ்ரோட்ஸ்' கேட்டிருந்தேன், அந்த 1968 மேடைப் பதிவு. இரண்டாவது சோலோ உச்சத்துக்குப் போகும்போது டேப் தீர்ந்துவிட்டது, டக்கென்று வெட்டு. பாட்டு அங்கேதான் முடிகிறது என்று ஏழு வருஷம் நம்பினேன். முழுப் பாட்டையும் முதன்முதலில் கேட்ட நாளில், க்ரீமின் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் மறுபடி பாட வந்ததும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது!

கீத் புத்தகத்தில் எனக்கு நம்பிக்கை வராத இடம் ஒன்று உண்டு. 1964-இல் ஸ்டோன்ஸ் ஆட்கள் சிகாகோவில் செஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவுக்குள் நுழைகிறார்களாம், பெரிய புளூஸ் பாடகரான மட்டி வாட்டர்ஸ் ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறாராம். செஸ் குடும்பத்துப் பிள்ளை மார்ஷல் செஸ் அப்படி நடக்கவே இல்லை என்கிறார். கூட வந்த பில் வைமன், மட்டி தங்கள் சாமான்களை உள்ளே தூக்கி வர உதவினார் என்று மட்டும் சொல்கிறார்.

#3 டெல்டாக்காரன்

மட்டி அப்போது சிகாகோவில் சொந்த வீடு வாங்கிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. செஸ் கம்பெனியை நிமிர்த்தியவர்களில் ஒருவர். அவர் எதற்கு ஏணியில் ஏறப் போகிறார்?

ஆனால் கீத் வேண்டுமென்று பொய் சொல்கிறார் என்றும் நான் நினைக்கவில்லை. "எங்கள் ராஜா சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்" என்கிற காட்சி இங்கிலாந்துப் பையன்களுக்குத் தேவைப்பட்டது. அந்த ஆட்களின் பாட்டை வாசித்துத்தான் இவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். அந்த உறுத்தலுக்கு ஒரு படம் வேண்டும், மனசு வரைந்து கொடுத்துவிட்டது. சாமான் தூக்கிய மட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையடிக்கிற மட்டி ஆகிவிட்டார். என் மாமாவும் எம்ஜிஆர் தன் தோளில் கை போட்டதாகச் சொல்வார். கூட்டத்தில் பார்த்தது மட்டும்தான் நிஜம்.

கேட்ட கேள்விக்கு என் பதில்: புளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங், 'புளூஸ் ஆல் அரவுண்ட் மீ', 1996. நான் திருவாரூர்க்காரன், பேரைப் பார்த்தாலே தெரியும். எங்கள் காவிரி டெல்டாவில் நெல், அவருடைய மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி. அதனால் வயல் வருகிற பக்கங்களில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. 1946-இல் டிராக்டர் ஓட்டுகிறார். ஒரு சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அது தானாக முன்னே துள்ளி, புகைபோக்கி உடைந்துவிடுகிறது. முதலாளிக்குப் பயந்து, பையில் இரண்டரை டாலரும் கையில் கிட்டாருமாக மெம்ஃபிஸுக்கு ஓடிவிடுகிறார். கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்து, கடனை உழைத்துக் கழித்துவிட்டு, அப்புறம்தான் நிரந்தரமாகக் கிளம்புகிறார். ஓடியது பெரிய விஷயமில்லை. திரும்பி வந்தாரே, அதில்தான் அவருடைய வாசிப்பு எனக்குக் கேட்டது. ஒரு சுரம் வைப்பார், பதறாமல் காத்திருப்பார், அதற்கான கணக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்தது.

கிட்டாருக்கு லூசில் என்று பேர் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அர்க்கன்சாஸில் ட்விஸ்ட் என்ற ஊரில் குளிருக்கு எரியவிட்ட மண்ணெண்ணெய் வாளியை இரண்டு பேர் சண்டையில் தள்ளிவிட, கொட்டகை பற்றிக்கொண்டது. வெளியே வந்தவர் கிட்டாருக்காக மறுபடி உள்ளே போனார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக. இனி இப்படி முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான் அந்தப் பேர். காதல் பேர் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

#4 ஒன்பதாம் ஃப்ரெட்

நான் இங்கே புதுசு, கல்லூரியில் படிக்கிறேன். யாரும் கிளாப்டன் புத்தகத்தைச் சொல்லவில்லையே? 2007-இல் வந்த சுயசரிதை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட நேர்மையாகத் தெரிந்தது. தான் அக்கா என்று நினைத்திருந்தவர்தான் பெற்ற அம்மா என்று ஒன்பது வயதில் தெரிகிறது. அவர் ஊருக்கு வரும்போது, இனி உன்னை அம்மா என்று கூப்பிடலாமா என்று பையன் கேட்கிறான். வளர்த்த தாத்தா பாட்டியையே அப்பா அம்மா என்று கூப்பிடு என்று பதில் வருகிறது. இதற்கு மேல் அவர் ஏன் புளூஸ் வாசித்தார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

குடி, ஹெராயின் எதையும் அவர் மறைக்கவில்லை. ஆன்டிகுவாவில் மறுவாழ்வு மையம் கட்டி, அதற்காகத் தன் கிட்டார்களை ஏலம் விட்டார். மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் நல்ல பாகங்களை எடுத்துச் சேர்த்த 'பிளாக்கி' 2004-இல் 9,59,500 டாலருக்குப் போனது. நாஷ்வில் கடையில் ஒன்று நூறு டாலர் வீதம் அள்ளி வந்த கிட்டார்கள் அவை!

#5 நீலாம்பரி

நேர்மை என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் தம்பி. 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் குடிபோதையில் அவர் பேசியதைத் தேடிப் படித்திருக்கிறீர்களா? குடியேறியவர்களை வெளியே அனுப்ப வேண்டும், குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனோக் பவல் சொல்வது சரி என்று பேசினார். மட்டி வாட்டர்ஸையும் ராபர்ட் ஜான்சனையும் வாசித்துப் பேர் வாங்கிய மனுஷன், பாப் மார்லி பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்து இரண்டே வருஷத்தில். 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் தொடங்க அந்தப் பேச்சும் ஒரு காரணம். புத்தகத்தில் இந்த விஷயத்தை எத்தனை வரியில் கடந்து போகிறார் என்று பாருங்கள். கிட்டார் கம்பி அளவைப் பற்றி எழுத இடம் இருக்கிறது, இதற்கு இல்லை. புத்தகம் வந்து பத்து வருஷம் கழித்து, அவரைப் பற்றிய ஆவணப்படம் வந்த சமயத்தில்தான் வெட்கப்படுவதாக வாய் திறந்து சொன்னார்.

இன்னொன்று. அதே 2007-இல் பாட்டி பாய்டும் தன் சுயசரிதையை வெளியிட்டார். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனைக் கட்டியவர், பிறகு கிளாப்டனைக் கட்டியவர், கிளாப்டனின் 'லைலா' பாட்டு யாருக்காக எழுதப்பட்டதோ அவர். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கணவர் புத்தகத்தில் குடி ஒரு நோய், அதிலிருந்து அவர் மீள்கிறார். மனைவி புத்தகத்தில் குடி என்பது ராத்திரி வீட்டில் நடப்பது. ஒரே கல்யாணம்தான். ஒருவர் சோலோ வாசிக்கிறார், மற்றவர் பின்னால் நின்று துணைக்குக் கார்டு (chord) பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

#6 ஒன்பதாம் ஃப்ரெட்

அக்கா, அந்தப் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு விவரம் தெரியாது. இப்போதுதான் தேடிப் படித்தேன். வயிற்றைப் பிசைகிறது. என் அறைச் சுவரில் அவர் படம் இருக்கிறது.

#7 பழைய கேசட்

படத்தைக் கழற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம் தம்பி. நான் அவர் இசையை இன்னமும் கேட்கிறேன். 1966-இல் ஜான் மேயாலோடு வாசித்த இசைத்தட்டில், லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் (ஒலிபெருக்கிப் பெட்டி) போட்டு, ஒலிப்பதிவு இன்ஜினியர் தலையில் கை வைக்கும் அளவுக்குச் சத்தமாக வைத்து எடுத்த சத்தம் இருக்கிறதே, அதற்குப் பிறகு வந்த எல்லா ராக் கிட்டாரும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தன. அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் நீலாம்பரி சொன்னதை மறுக்கவும் முடியாது. ரெண்டும் ஒரே ஆள்.

1991 மார்ச்சில் நியூயார்க்கில் 53-ஆவது மாடியிலிருந்து விழுந்து அவருடைய நாலு வயதுப் பிள்ளை இறந்துபோன பக்கங்களை மட்டும் நான் இரண்டாவது தடவை படிக்கவில்லை. முடியவில்லை.

#8 டெல்டாக்காரன்

கிளாப்டன் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நேற்று ஒன்று கவனித்தேன். பி.பி. கிங் புத்தகத்தைக் கூட இருந்து எழுதியவர் டேவிட் ரிட்ஸ். பட்டி கை 2012-இல் வெளியிட்ட 'வென் ஐ லெஃப்ட் ஹோம்' புத்தகத்துக்கும் அதே டேவிட் ரிட்ஸ். ரே சார்ல்ஸ் கதையை எழுதியவரும் அவர்தான். மார்வின் கேயோடு 'செக்ஷுவல் ஹீலிங்' பாட்டில் பங்கு உள்ளவரும் அவரே. அப்படியானால் நாம் கேட்கிற குரல் யாருடையது என்று சந்தேகம் வந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

நல்லவேளை, இரண்டும் வேறு வேறு ஆட்கள்தான். கிங் மரியாதைக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். சிறுவயதில் திக்குவாய். அதனால்தானோ என்னவோ, ஒரு சொல்லும் வீணாகாது. பட்டி கை (பேரைத் தமிழில் எழுதினால் ஏதோ எலும்பு முறிவு வைத்தியம் மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும்) டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக் கதை சொல்கிறவர். லூசியானாவில் லெட்ஸ்வொர்த் என்ற கிராமம், பருத்தி பறிக்கும் குடும்பம். கொசுவலைக் கம்பியைப் பிடுங்கி முதல் கருவி செய்கிறார். 1957 செப்டம்பர் 25 அன்று சிகாகோவுக்கு ரயிலேறுகிறார். தேதியைப் பிறந்தநாள் மாதிரி சொல்வார். அங்கே வேலையும் இல்லை, சோறும் இல்லை. பட்டினியோடு ஒரு கிளப்பில் வாசித்த ராத்திரி, மட்டி வாட்டர்ஸ் காரில் வந்து இறங்கி, முதலில் சாப்பிடு என்று சலாமி சாண்ட்விச் கொடுக்கிறார். கீத் பார்த்த மட்டி ஏணியில் நிற்கிறார், பட்டி பார்த்த மட்டி ரொட்டியோடு நிற்கிறார். எனக்கு இரண்டாவதுதான் நிஜம் மாதிரி படுகிறது. பசித்தவன் சாப்பாட்டை மறக்க மாட்டான்.

எல்லாவற்றிலும் கசப்பான பகுதி செஸ் கம்பெனி. மேடையில் ஆம்பைக் கதறவிடுகிற ஆள், ஸ்டூடியோவில் அடக்கி வாசிக்க வேண்டும். அது வெறும் இரைச்சல் என்று முதலாளி லெனர்ட் செஸ்ஸுக்கு நினைப்பு. பகலில் பழுதான வண்டிகளை இழுக்கும் லாரி ஓட்டிக்கொண்டு இரவில் வாசித்தார் பட்டி. பிறகு க்ரீமும் ஹென்ட்ரிக்ஸும் அதே இரைச்சலை விற்றுக் குவித்ததும், லெனர்ட் ஆள் விட்டுக் கூப்பிட்டு, தட்டைப் போட்டுக் காட்டி, நீ இத்தனை நாளாக இதைத்தானே வாசித்தாய், நான்தான் முட்டாள், பின்பக்கம் ஓர் உதை கொடு என்று குனிந்து நின்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். சிரிப்பு வரவில்லை எனக்கு.

#9 சுருதிப்பெட்டி

நான் வீணைக்காரன், ராக் பற்றி அதிகம் தெரியாது. மகன் சொல்லி பி.பி. கிங்கின் 'லைவ் அட் த ரீகல்' கேட்டேன், 1964-இல் சிகாகோவில் பதிந்தது. மூன்று நாளாக அதே ஓடுகிறது. ஆனால் எங்கு பார்த்தாலும் "புளூஸ் என்றால் சுத்த தன்யாசி" என்று எழுதுகிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை.

மைனர் பென்டாடோனிக்கின் ஐந்து சுரமும் சுத்த தன்யாசியின் ஐந்தும் ஒன்றுதான், சரி. அதோடு ஒற்றுமை முடிந்தது. இவர்கள் உயிரை வைத்திருப்பது காந்தாரத்தில். சாதாரண காந்தாரத்தில் விரலை வைத்து, கம்பியை இழுத்து அந்தர காந்தாரம் பக்கம் கொண்டு போகிறார்கள், ஆனால் போய்ச் சேர்வதில்லை. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எங்களிடம் அதற்குப் பேர் கிடையாது, அவர்களிடம் புளூ நோட். கிங் அதோடு நிற்காமல் நடுவில் மோகனத்தின் சுரங்களையும் கலக்கிறார். ராகம் என்று வைத்துக் கேட்டால் தப்பு, பேச்சு என்று வைத்துக் கேட்டால் அத்தனையும் சரி.

அவர் இடது கை நடுக்கம் பற்றி யாராவது சொல்லுங்கள். பட்டாம்பூச்சி மாதிரி மொத்தக் கையும் அடிக்கிறதே, அது எங்கே கற்றது?

#10 டெல்டாக்காரன்

சார், நீங்கள் கேட்டது அந்தப் புத்தகத்திலேயே அழகான இடம். டிராக்டரை உடைத்துவிட்டு ஓடினாரே, மெம்ஃபிஸில் போய் ஒண்டியது உறவுக்காரர் புக்கா வைட் வீட்டில். புக்கா கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு ஸ்லைடு வாசிக்கிறவர். அந்த அழுகைச் சத்தத்தில் கிங் மயங்கிவிட்டார். ஆனால் எத்தனை முயன்றும் ஸ்லைடு அவர் கைக்கு வரவே இல்லை. சரி, இரும்பு இல்லாமல் வெறும் விரலை ஆட்டியே அந்த ஒலியைக் கொண்டுவர முடியுமா என்று பார்த்ததுதான் அந்த நடுக்கம். வராத வித்தைக்கு மாற்றாக வந்தது அது.

#11 சுருதிப்பெட்டி

அடடா. வழுக்குவது எங்கள் பக்கமும் உண்டு. கோட்டு வாத்தியத்தில் மெட்டே (நீங்கள் ஃப்ரெட் என்பது) கிடையாது, கையில் ஓர் உருட்டுக் கட்டை, அவ்வளவுதான். ஸ்லைடுக்கு இவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள்?

#12 ஆறாம்கம்பி

பித்தளைக் குழாய், பாட்டில் கழுத்து, கத்தி, என்னவெல்லாமோ. ஆனால் உலகத்திலேயே புகழ்பெற்ற ஸ்லைடு ஒரு ஜலதோஷ மாத்திரைப் பாட்டில். கதை, ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் கிரெக் ஆல்மன் எழுதிய 'மை க்ராஸ் டு பேர்' புத்தகத்தில் இருக்கிறது, 2012.

அண்ணன் டுவேன் குதிரையிலிருந்து விழுந்து இடது முழங்கையில் அடி. குதிரை ஏறக் காரணம் தம்பிதான் என்று கோபம், முகம் கொடுத்துப் பேசவில்லை. போதாக்குறைக்குச் சளி வேறு. அண்ணன் பிறந்தநாளன்று கிரெக், டாஜ் மஹால் என்கிற பாடகரின் முதல் தட்டையும் கோரிசிடின் மாத்திரை ஒரு பாட்டிலையும் வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு ஓடிவிடுகிறார். இரண்டு மணி நேரத்தில் அண்ணனிடமிருந்து ஃபோன்: உடனே வா. போய்ப் பார்த்தால், மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கழுவி எடுத்துவிட்டு, கண்ணாடிப் பாட்டிலை விரலில் மாட்டிக்கொண்டு, அந்தத் தட்டில் இருந்த 'ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்' பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை அவர் ஸ்லைடு தொட்டதில்லை என்கிறார் தம்பி. 1971 மார்ச்சில் அவர்கள் குழுவின் ஃபில்மோர் ஈஸ்ட் மேடைப் பதிவின் முதல் பாட்டே அதுதான். அதே வருஷம் அக்டோபர் 29, மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் போய்விட்டார். வயது 24.

கிரெக் கிட்டார்காரர் இல்லை, ஆர்கன் வாசித்துப் பாடுகிறவர். ஆனாலும் என் கேள்விக்கு என் பதில் அந்தப் புத்தகம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அண்ணனோடு கடைசியாகப் பேசியது ஒரு பொய், கொஞ்சம் கொக்கெயினைத் திருடிவிட்டு இல்லை என்று சொன்னேன் என்று எழுதுகிறார். நாற்பது வருஷம் சுமந்துவிட்டு எழுதியது. எந்த வக்கீலும் அதைச் சேர்க்கச் சொல்லியிருக்க மாட்டார்.

#13 நீலாம்பரி

அந்த வரியில் நானும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று பாருங்கள். புத்தகம் எழுதியவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பிழைத்துக் கிடந்து, புத்தி தெளிந்து, பதிப்பாளர் கிடைத்தவர்கள் மட்டும்தானே எழுத முடிந்தது? கிட்டார் வாசித்த காஸ்பல் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் எழுதவில்லை. 1964 மே மாதம், மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். ஒரு பிளாட்ஃபாரத்தில் சனம் உட்கார்ந்திருக்கிறது, எதிர் பிளாட்ஃபாரம்தான் மேடை. மழை பெய்து ஓய்ந்த ஈரம். அந்த அம்மா கோட்டு போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் வந்து இறங்கி, எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு 'டிட்ன்ட் இட் ரெயின்' என்று தொடங்குகிறார். காணொளி இருக்கிறது, பாருங்கள். மேலே பேசின ஆம்பளைகள் பலர் கிட்டாரைத் தொடுவதற்கு முன்பே அவர் அதைக் கதறவைத்தவர். அவர் கதையை கேல் வால்ட் என்ற பேராசிரியர் 2007-இல்தான் எழுதினார், ரொசெட்டா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

பீட்டர் கிரீனும் எழுதவில்லை. ஃப்ளீட்வுட் மேக்கைத் தொடங்கியவர், 1970-இல் காசெல்லாம் பாவம் என்று விட்டுவிட்டுப் போனவர், பிறகு நெடுங்காலம் மனநோய். அவருடைய லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) காந்தம் தலைகீழாக இருந்ததால் மூக்கடைத்த மாதிரி ஓர் ஒலி வரும். அந்தக் கிட்டார் கேரி மூரிடம் போய், இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. கிட்டாருக்கு நல்ல சுயசரிதை இருக்கிறது, வாசித்தவருக்கு இல்லை.

#14 பழைய கேசட்

அயர்லாந்துக் கிட்டார்காரர் ரோரி கல்லகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. 1963-இல் கார்க் நகரத்தில் நூறு பவுண்டு கடனுக்கு வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டர். வியர்வையில் பெயின்ட் உரிந்து கட்டை மட்டும் மிஞ்சியது. 1995-இல் போகும் வரை அதையே வைத்திருந்தார். 2024-இல் ஏலத்தில் எட்டே முக்கால் லட்சம் பவுண்டுக்கு மேல் போய், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. கூச்ச சுபாவம் அவருக்கு. எழுதச் சொல்லியிருந்தாலும் நாலு பக்கம் தேறியிருக்காது. மேடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டெக்சாஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் இருந்திருந்தால் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். குடியை விட்டு நாலு வருஷம், பேசத் தொடங்கியிருந்த நேரம். 1990 ஆகஸ்டில் விஸ்கான்சினில் கிளாப்டன், பட்டி கை, ராபர்ட் க்ரே, சொந்த அண்ணன் ஜிம்மி எல்லாரோடும் வாசித்துவிட்டு ஹெலிகாப்டர் ஏறினார், அது விழுந்துவிட்டது. அவ்வளவுதான். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய 1983-இல் கனடாவில் ஹாமில்டன் டிவி ஸ்டூடியோவில் ஆல்பர்ட் கிங்கோடு வாசித்ததைப் பாருங்கள். யார் இந்தப் புது ஆள் என்று பெரியவருக்கு முதலில் பிடிபடவில்லை. முன்னே ஆஸ்டினில் தன்னோடு மேடையேறிய ஒல்லிப் பையன்தான் என்று தெரிந்ததும் முகம் மலர்கிறது. பையன் புயலடிக்கிறவன், ஆனால் அன்று பெரியவர் பேசி முடிக்கும் வரை கை கட்டிக் காத்திருப்பது கேட்கும். அதை எந்தப் புத்தகத்தில் எழுத முடியும்?

#15 ஒன்பதாம் ஃப்ரெட்

இரண்டு நாளாகக் கண்ணாடி மாத்திரைப் பாட்டில் தேடுகிறேன். எல்லாம் பிளாஸ்டிக், இல்லையென்றால் அட்டை. அமிர்தாஞ்சனம் பாட்டிலில் விரல் நுழைகிறது, ஆனால் உயரம் ஒரு கம்பிக்குத்தான் எட்டுகிறது. கடைசியில் பாட்டி பெட்டியில் பழைய மருந்துக் குப்பி ஒன்று கிடைத்தது. எந்தக் காலத்து மருந்தோ, மோதிர விரலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கிட்டாரை ஓப்பன் ஈ-யில் (வெறும் கம்பிகளைத் தட்டினாலே ஈ கார்டு வருகிற சுருதி) வைத்து வழுக்கிப் பார்த்தேன். சுரத்தைவிட சரசரவென்று வேறு சத்தம்தான் அதிகம். வீட்டுக்குள் பூனை வந்துவிட்டதா என்று அம்மா கேட்டார்.

#16 ஆறாம்கம்பி

குப்பிக்குப் பின்னால் மிச்சம் இருக்கிற விரல்களைக் கம்பிமேல் லேசாகப் படுக்கவை, சரசரப்பு அடங்கும். ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தாதே, கோட்டுக்கு நேர் மேலே தொட்டால் போதும். வலது கையில் பிக் வேண்டாம், டுவேனும் ஸ்லைடுக்கு வெறும் விரல்தான்.

#17 சுருதிப்பெட்டி

அழுத்தாதே என்றது ரொம்பச் சரி. கட்டை கம்பிமேல் மிதக்க வேண்டும். மெட்டைக் கண்ணால் பார்க்காமல் காதால் பார்.

#18 பழைய கேசட்

ஃபோனில் பதிந்து இங்கே போடு தம்பி. கிட்டத்தில் வைத்தே பதி, கரகரத்தால் கரகரக்கட்டும்.